ஜாவைக் கழித்துவிட்டு ரெகே கேட்க முடியுமா?

வாசகர் கேள்வி, ஏப்ரல் 16

அண்ணே, நீங்கள் ரெகே பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஜமைக்காவின் பாப் மார்லி ஆல்பங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இசை அபாரம். ஆனால் இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை ஜா, சீயோன், பாபிலோன், எத்தியோப்பிய ராஜா என்று வந்துவிடுகிறது. எனக்கு அது ஒட்டவே இல்லை. கஞ்சா பிடிக்க ஒரு சாமி தேவைப்பட்டிருக்கிறது, ஒரு ராஜாவைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. இசை வேறு, மதம் வேறு. அதைத் தள்ளிவிட்டுத் தாளத்தையும் பேஸையும் மட்டும் ரசித்தால் என்ன குறைந்துவிடும்?

ஏப்ரல் 16, இரவு

தாராளமாக ரசிக்கலாம் தம்பி, உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் கஞ்சாவுக்காகச் சாமி பிடித்தார்கள் என்று நீ சொல்வது நடந்த கதைக்கு நேர் எதிர். அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

எத்தியோப்பிய ராஜா ஹைலி செலாசியைக் கடவுளாக வணங்குகிறவர்கள் ராஸ்தாக்கள், ஜமைக்காவில் பிறந்த நம்பிக்கை அது. ஜா என்பது கடவுளுக்கு அவர்கள் சொல்கிற பெயர், பாபிலோன் அவர்களை அடக்கி வைத்த அதிகாரம், சீயோன் திரும்பிப் போக வேண்டிய வீடு. இனி வரிசையைப் பார். ஹைலி செலாசி அடிஸ் அபாபாவில் முடிசூடியது 1930 நவம்பர் 2. பிரிட்டிஷ் அரசர் தன் மகனையே அந்த விழாவுக்கு அனுப்பினார். ஜமைக்கா அப்போது அதே பிரிட்டிஷ் அரசரின் காலனி. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கரும்புக்கும் வாழைக்கும் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த தீவு. கறுப்பு ராஜா ஒருவர் கிரீடத்தோடு நிற்க, வெள்ளை அரசகுமாரன் விருந்தாளியாக வந்து நிற்கிறான். அவருடைய பட்டங்களில் ஒன்று 'யூதா கோத்திரத்துச் சிங்கம்'. வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில் அப்படியே இருக்கிற பெயர். வாரம் தவறாமல் கோயிலுக்குப் போய் வேதத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஏழைகளுக்கு இதற்கு மேல் யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆப்பிரிக்காவை நோக்கித் திரும்புங்கள் என்று ஜமைக்காவின் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி ஏற்கெனவே பேசிப் பேசி நிலத்தை உழுது வைத்திருந்தார். (அந்த கார்வியே 1930களின் பிற்பகுதியில் செலாசியைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். ராஸ்தாக்கள் இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்கவில்லை.)

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் இதை யாரும் சுகத்துக்காகச் செய்திருக்க மாட்டார்கள் என்று தெரியும். செலாசிதான் நம் ராஜா, இங்கிலாந்து ராஜா அல்ல என்று பிரசங்கித்த லெனார்ட் ஹோவெலை 1934இல் ராஜதுரோக வழக்கில் சிறையில் போட்டார்கள். மனநல மருத்துவமனையிலும் அடைத்தார்கள். 1940இல் அவர் மலையில் உருவாக்கிய பினக்கிள் என்ற குடியிருப்பைப் போலீஸ் திரும்பத் திரும்பச் சோதனை போட்டு 1954இல் ஒரேயடியாகக் கலைத்தது. சுதந்திரம் வந்த பிறகும் மாறவில்லை. 1963 ஏப்ரலில் மான்டேகோ பே பக்கம் கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலைச் சாக்காக வைத்து, சம்பந்தமே இல்லாத ராஸ்தாக்களை நூற்றுக்கணக்கில் பிடித்து அடித்துச் சடையை வெட்டினார்கள். ஜமைக்க அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2017இல்தான்.

ரெகே என்ற பெயர் ஒரு பாட்டுத் தலைப்பில் ஏறியதே 1968இல், டூட்ஸ் அண்ட் த மெய்டல்ஸ் குழுவின் தட்டில். முடிசூட்டுக்கும் அதற்கும் இடையே 38 வருஷம். அந்த 38 வருஷமும் அடி வாங்கிக்கொண்டே இந்த நம்பிக்கையை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். இசை அவர்கள் வீட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

ஏப்ரல் 17

கஞ்சாவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குப் போனவர்களோடு சேர்ந்து போனதுதான் அது, பேர் உட்பட. அங்கே பிறந்து வளர்ந்த ராஸ்தாக்களுக்கு அது ஜெபத்துக்கு முன் எடுக்கிற திருவருட்பொருள். அப்படித்தான் அவர்கள் சொல்கிறார்கள், அதை நாம் நம்பலாம். 2015இல் சட்டம் திருத்தியபோது வழிபாட்டுக்காகப் பயன்படுத்துவதை அரசும் தனியாக ஏற்றுக்கொண்டது. பனியனில் மார்லி படமும் இலையும் போட்டு விற்கிறவர்களுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. இதோடு கஞ்சாப் பேச்சை முடித்துக்கொள்கிறேன். ரெகே என்றதும் பேச்சு அங்கேயே போய் நின்றுவிடுவது எனக்குப் பல வருஷ எரிச்சல்.

ஏப்ரல் 19

நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நீ கேட்டதில் இன்னொரு பாதி இருக்கிறது: தாளத்தையும் பேஸையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றாய். அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது?

கிங்ஸ்டனுக்குக் கிழக்கே வாரைக்கா மலையடிவாரத்தில் கவுண்ட் ஓசி என்ற ராஸ்தா மேளக்காரர் இருந்தார். அவர் முகாமில் இரவிரவாக மேளம் நடக்கும். மூன்று வகை மேளம். பெரிய பேஸ் மேளம், குச்சியின் முனையில் துணி சுற்றி அடிப்பது. முதல் அடி திறந்து விழும், மூன்றாவது அடி அமுங்கி விழும். நடுவில் ஃபண்டே, இதயத்துடிப்புப் போல இரட்டைத் தட்டாகப் போய்க்கொண்டே இருக்கும், கடைசிவரை மாறாது. மேலே ரிப்பீட்டர், உயர்ந்த சுருதி, அதுதான் பேசும், கெஞ்சும், சண்டை போடும். நம் தவில்காரர் கச்சேரியில் செய்கிற வேலையெல்லாம் அந்த ரிப்பீட்டர் தலையில். பழைய ஆப்பிரிக்க வழி புர்ரு மேளத்திலிருந்து வந்தது இது. மேளத்தின் மேல் வேதாகமத்துச் சங்கீதங்களையும் பழைய சபைப் பாட்டுகளையும் வரி மாற்றிப் பாடுவார்கள். நைபிங்கி என்பது இந்தக் கூட்டத்துக்கும் இந்த மேளத்துக்கும் சேர்த்துச் சொல்கிற பெயர்.

1960 வாக்கில் பிரின்ஸ் பஸ்டர் என்ற தயாரிப்பாளர் அந்த மேளக்காரர்களை மலையிலிருந்து ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்து ஃபோக்ஸ் சகோதரர்கள் பாட 'ஓ கரோலினா' பதிவு செய்தார். வானொலியில் ராஸ்தா மேளத்தைக் கேட்பது நினைத்தே பார்க்க முடியாத காலம் அது. பாட்டு ஒரு காதல் பாட்டு, சாமியே கிடையாது. ஆனால் அடியில் ஓடுவது கூட்டத்து மேளம்.

ரெகே தாளம் நேராக நைபிங்கியிலிருந்து இறங்கியது என்று சொன்னால் மிகை. அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ், ஜமைக்காவின் மென்டோ, ஸ்கா, ராக்ஸ்டெடி என்ற இசை வகைகள் எல்லாம் வழியில் இருக்கின்றன. ஆனாலும் மார்லியின் வெய்லர்ஸ் குழு டிரம்மர் கார்ல்டன் பாரெட் அடிக்கிற 'ஒன் டிராப்' தாளத்தைக் கவனி. முதல் அடி காலி. காலால் மிதிக்கிற கிக் டிரம்மும் ஸ்னேர் டிரம் விளிம்பும் சேர்ந்து மூன்றாவதில் விழும். எங்கள் சபையில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கு முன்னால் பழைய கீர்த்தனை ஒன்றை இந்தத் தாளத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒத்திகையில் உட்கார்ந்தோம். டிரம்ஸ் தம்பி நல்ல வாசிப்புக்காரன், ஆனால் ஒன்றாவது அடியில் கால் தானாக இறங்கிவிடுகிறது. விடு என்றால் விடுகிறான், நாலு ஆவர்த்தனம் தாண்டியதும் மறுபடி இறங்குகிறது. கடைசியில் அவன் கிக் பெடலிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டு, கையால் மூன்றாவதை மட்டும் அடித்தான். அப்போது பிடிபட்டது. ஆல்டோ பாடுகிற அக்கா, "இப்பத்தான்ப்பா வசனம் கேக்குது" என்றார். அதுதான் விஷயம். முதல் அடியை விட்டுவிட்டால் அந்த இடத்தில் சொல் வந்து உட்காருகிறது. சொல் கேட்பதற்காகவே இடம் விட்டுக் கட்டிய தாளத்தை எடுத்துக்கொண்டு, சொல் எனக்கு வேண்டாம் என்கிறாயே தம்பி.

ஏப்ரல் 21

இன்றைக்குத்தான் அந்த நாள் என்பது காலையில் காலண்டரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 1966 ஏப்ரல் 21, செலாசி ஜமைக்காவுக்கு வந்தார். ராஸ்தாக்கள் இதை கிரவுனேஷன் (Grounation) நாள் என்று கொண்டாடுகிறார்கள். கிங்ஸ்டன் விமான நிலையத்தில் தடுப்புகளைத் தாண்டி ஓடுபாதைக்கே கூட்டம் போய்விட்டது. ஒரு லட்சம் பேர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். மேளமும் புகையும் சத்தமும். ராஜாவால் விமானத்தை விட்டு இறங்க முடியவில்லை. அரசாங்கத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையில் நிற்க, கூட்டத்தை ஒதுக்கி அவரைப் படியில் இறக்கிக் கூட்டி வந்தவர் மார்ட்டிமோ பிளானோ, சேரிப்பகுதி ராஸ்தாப் பெரியவர். நேற்றுவரை போலீஸ் லத்தி வாங்கிய கூட்டத்தின் ஆள், ராஜாவுக்குப் பக்கத்தில் நின்று வழி விடச் சொல்கிறார். அந்த ஒரு நாளில் ராஸ்தாக்களின் தலை நிமிர்ந்தது என்று சொன்னால் அது வெறும் வார்த்தை இல்லை.

பாப் மார்லி அங்கே இல்லை. அமெரிக்காவில் டெலவேரில் அம்மாவோடு இருந்துகொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ரீட்டா தெருவோரம் நின்று பார்த்தார். கார் கடந்தபோது ராஜா கையசைத்ததாகவும், உள்ளங்கையில் ஆணித்தழும்பைக் கண்டதாகவும் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பார்த்தாரா இல்லையா என்று விசாரணை வைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் அதைக் கடிதத்தில் எழுதினார், கணவர் ஊர் திரும்பினார், பிளானோவிடம் போய் உட்கார்ந்து படித்தார். அந்தப் படிப்பு இல்லாவிட்டால் நீ இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற ஆல்பங்கள் இல்லை.

ஏப்ரல் 22

நேற்று எழுதியதோடு சேர வேண்டியது. 1978இல் இதே ஏப்ரல் 22, செலாசி வருகையின் 12ஆம் ஆண்டையொட்டி கிங்ஸ்டனில் ஒன் லவ் சமாதானக் கச்சேரி. மார்லி, பிரதமர் மைக்கேல் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு இழுத்து இருவர் கையையும் தன் தலைக்கு மேல் கோத்துப் பிடித்தார். அந்தப் படத்தை எல்லோரும் பகிர்வார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1980 தேர்தல் ஆண்டில் அரசியல் வன்முறையில் எண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். இதையும் சேர்த்துத்தான் பகிர வேண்டும். ஜெபித்தால் உடனே கிடைத்துவிடும் என்று அந்தப் பாட்டுகளும் எங்கேயும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

நீ திருப்பிக் கேட்டிருக்கிறாய்: "அப்படியென்றால் ரெகேதான் அவர்கள் கோயில் இசையா?"

கிடையாது. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. நைபிங்கி கூட்டத்தில் மின்கிட்டார் கிடையாது, கீ-போர்ட் கிடையாது, மைக் கட்டிக் கச்சேரி கிடையாது. மூன்று மேளம், ஷேக்கர், குரல், நெருப்பு. இரவு முழுக்க, சில சமயம் நாள்கணக்கில். மூத்த ராஸ்தாக்கள் பலருக்கு ரெகே என்பது காசுக்கு விற்கிற சரக்கு. சங்கீதத்தைத் தட்டில் பதிந்து, கம்பெனிக்காரனிடம் கையெழுத்துப் போட்டு, நடனக் கூடத்தில் பீர் பாட்டிலுக்கு நடுவில் பாடுவதா என்று கேட்டவர்கள் உண்டு. கம்பெனிக்காரனே பாபிலோன்தானே.

எல்லாப் பிரிவும் அப்படி இல்லை. 1968இல் தொடங்கிய பன்னிரு கோத்திரம் என்ற பிரிவு ரெகேவை வாரி அணைத்துக்கொண்டது. தினம் வேதாகமத்தில் ஒரு அதிகாரம் படி என்பது அவர்கள் விதி. பிறந்த மாதத்தை வைத்துக் கோத்திரம். மார்லி பிப்ரவரி, அதனால் யோசேப்பு. புல் பே மலையில் தலைப்பாகையோடு வாழ்கிற போபோ பிரிவு வெளியுலகத்தோடு ஒட்டாமல்தான் இருந்தது, ஆனால் 90களில் சிஸ்லா, கேப்பிள்டன் என்று ரெகேவிலிருந்து பிறந்த டான்ஸ்ஹால் இசையின் முன்வரிசைப் பாடகர்கள் அந்தத் தலைப்பாகையோடுதான் மேடை ஏறினார்கள்.

ஆக, நம்பிக்கைக்கு ரெகே தேவைப்படவில்லை. நெருப்பும் மூன்று மேளமும் போதும் அதற்கு. ரெகேவுக்குத்தான் நம்பிக்கை தேவைப்பட்டது. அதனால்தான் உன் கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 27

ஜாவைக் கழித்துப் பார்க்கலாமா என்றாய். ஒருவர் கழித்தே பார்த்துவிட்டார், உலகமே கேட்டது.

எங்கள் தெருவில் டேப் ரிக்கார்டர் இருந்த வீட்டில் எல்லாம் போனி எம் என்ற டிஸ்கோ குழுவின் கேசட் இருந்தது. பாபிலோன் நதிகளின் பாட்டு கல்யாண வீட்டில் போடுவார்கள், ஸ்போர்ட்ஸ் டேயில் போடுவார்கள். ஆச்சிக்கு அது சங்கீதம் 137 என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "இது அழுகிற பாட்டுல்லா, ஏன் குதிக்காங்க" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

மூலப் பாட்டு மெலோடியன்ஸ் குழுவுடையது, 1970. சிறைபிடிக்கப்பட்டு அந்நிய மண்ணில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம், உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடிக் காட்டுங்கள் என்று பிடித்தவனே கேட்கிறான், எப்படிப் பாடுவது என்கிறது அந்தச் சங்கீதம். கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் ஒரு எழுத்தும் கூட்டாமல் இதைத் தங்கள் கதையாகவே படித்தார்கள். அவர்கள் செய்த முக்கியமான மாற்றம்: கர்த்தரின் பாட்டு என்று இருக்கிற இடத்தில் ஆல்ஃபா ராஜாவின் பாட்டு. அதாவது செலாசி. இப்படிப்பட்ட ராஸ்தாச் சொற்களுக்காகவே ஜமைக்காவில் வானொலித் தடை வந்தது. சொற்கள் வேதாகமத்தில் இருப்பவைதானே என்று தயாரிப்பாளர் லெஸ்லி காங் வாதாடி எடுக்க வைத்தார்.

1978இல் போனி எம் அந்த ராஜாவை எடுத்துவிட்டுக் கர்த்தரை மறுபடி வைத்தது. பழைய இடத்துக்கே போய்விட்டது, என்ன தப்பு என்று கேட்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார். மெலோடியன்ஸில் குரல்கள் ஒன்றோடொன்று சாய்ந்துகொண்டு நடக்கின்றன, தாளம் அவசரப்படவில்லை, பாடுகிறவர்கள் இன்னும் அந்த ஆற்றங்கரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். போனி எம்மில் ஏற்கெனவே வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். பாட்டு கெட்டுப்போகவில்லை, எனக்கு இப்போதும் பிடிக்கும். ஆனால் ஆச்சி கேட்ட கேள்விக்கு மெலோடியன்ஸ் தட்டில்தான் பதில் இருக்கிறது.

இன்னொன்று. அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனம் பயங்கரமானது, பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடியும். எங்கள் சபையில் அதை வாசிக்கும்போது போதகர் ஐயர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மெலோடியன்ஸ் அதைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைக் கொண்டுவந்து ஒட்டினார்கள்: எங்கள் வாயின் வார்த்தைகளும் இருதயத்தின் தியானமும் உமக்குப் பிரியமாக இருக்கட்டும். பழிவாங்க எல்லா நியாயமும் இருந்தவர்கள் அந்த இடத்தில் ஜெபத்தை வைத்தார்கள். வேதத்தில் நன்றாக ஊறியவர்களால்தான் அப்படி வெட்டி ஒட்ட முடியும்.

ஏப்ரல் 28

அபிசீனியன்ஸ் குழுவின் 'சட்டா மசகானா'வையும் இதோடு கேள். 1969இல் ஸ்டுடியோ ஒன்னில் பதிந்தது. முதலாளி காக்ஸ்ஸன் டாட் இது விற்காது என்று கிடப்பில் போட்டார். பாடினவர்களே டேப்பைக் காசு கொடுத்து மீட்டு 1971இல் சொந்தமாக வெளியிட்டார்கள். இன்றைக்கு ராஸ்தாக் கூட்டங்களில் கீர்த்தனையாகவே பாடுகிறார்கள்.

மே 2

வேறொரு நண்பர் குறுக்கே எழுதியிருக்கிறார்: ராஸ்தாதான் ஜமைக்காவின் மதம் என்கிற மாதிரி எழுதுகிறீர்களே என்று. நியாயமான பேச்சு. 2011 கணக்கெடுப்பில் ராஸ்தாக்கள் சுமார் 29,000 பேர், மக்கள்தொகையில் ஒரு சதவீதம் சொச்சம். மற்றவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், பெந்தெகொஸ்தே வகைச் சபைகளும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளும் நிறைய.

அந்தப் பக்கத்துக் கடனும் ரெகேவுக்கு உண்டு. டூட்ஸ் ஹிபர்ட் தொண்டை கிழியப் பாடுவதைக் கேட்டால் பிரசங்க மேடை தெரியும். சிறு வயதில் சபைக் கொயரில் பாடி வளர்ந்தவர். கிங்ஸ்டனில் ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்று கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. ஏழைப் பிள்ளைகள், அநாதைகள், வழி தவறிய பையன்கள் வந்து சேருகிற இடம். அங்கே சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் என்று ஒரு அம்மா. அவருக்கு இசைத்தட்டு சேர்ப்பதில் பைத்தியம். பிள்ளைகளுக்கு ஜாஸ் தட்டு போட்டுக் காட்டுவார், டிரம்போன் கையில் கொடுப்பார். டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங்: ஸ்காவின் உச்சமான ஸ்கடலைட்ஸ் குழுவில் இந்த நால்வரும் அந்தப் பள்ளி. ரிக்கோ ரோட்ரிகெஸும் அங்கே படித்தவர்தான். இவர்களில் சிலர் பள்ளியை விட்டு வந்ததும் நேராகப் போனது எங்கே தெரியுமா, கவுண்ட் ஓசியின் முகாமுக்கு. கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்த ஊதுகருவி ராஸ்தா மேளத்தோடு சேர்ந்தது. அந்த அம்மாவுக்குக் கிங்ஸ்டனில் ஒரு சிலை வைத்தால் முதல் மாலை நான் போடுவேன்.

போக்குவரத்து இரு பக்கமும் நடந்தது. மார்லியின் பின்பாட்டுக்காரர்களில் ஒருவரான ஜூடி மோவாட் பின்னாளில் கிறிஸ்தவரானார். டான்ஸ்ஹாலில் கொடிகட்டிய பாப்பா சான் அப்படித்தான். எதிர்ப்பக்கமாக, பூஜு பான்ட்டன் ராஸ்தாவாகி 1995இல் போட்ட ஆல்பம் அந்தக் காலத்து டான்ஸ்ஹாலின் முகத்தையே திருப்பியது. 'ஓ கரோலினா' எடுத்த பிரின்ஸ் பஸ்டர் முகமது அலியைச் சந்தித்து இஸ்லாத்துக்குப் போனார். தென்னாப்பிரிக்காவின் லக்கி டூபே ராஸ்தா சடையோடு பாடினார், ஆனால் ஷெம்பே என்ற தென்னாப்பிரிக்கச் சபைக்காரர் என்பார்கள்.

மே 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் எந்த நம்பிக்கையானாலும் சரிதானே, ரெகே ஒரு பாத்திரம், எதை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று முடிவு கட்டியிருக்கிறாய். எனக்கும் அப்படித்தான் முதலில் போனது. ஆனால் லக்கி டூபே நிறவெறியை எதிர்த்துப் பாடும்போது பாபிலோன் என்ற கருத்து முழுசாக உள்ளே இருக்கிறது. சுவிசேஷ ரெகே பாடுகிறவர்கள்கூடச் சிறையிருப்பு, விடுதலை, வீடு திரும்புதல் என்ற அதே எலும்புக்கூட்டின் மேல்தான் பாடுகிறார்கள். எந்தச் சாமியை விளித்தாலும், ஒருவன் கட்டுண்டிருக்கிறான், யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நிலை மாறுவதில்லை. அதைக் கழித்த ரெகே கடற்கரை ஓட்டலில் ஓடுகிறது, கேட்டிருப்பாய்.

மே 7

எனக்கே இடறலான பகுதியை எழுதாமல் இத்தனை நாள் தள்ளிக்கொண்டே வந்தேன்.

செலாசி தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டதே இல்லை. அவர் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். ஜமைக்காவில் அந்தச் சபையை நிறுவ 1970இல் ஒரு குருவையே அனுப்பி வைத்தார். 1974 செப்டம்பரில் ராணுவம் அவரை இறக்கியது. 1975 ஆகஸ்ட் 27இல் இறந்தார். வெய்லர்ஸ் சில வாரங்களுக்குள் ஜா உயிரோடிருக்கிறார் என்று ஒரு தட்டு வெளியிட்டார்கள். அந்தப் பாட்டில் அழுகை கிடையாது, சண்டை கிடையாது, செய்தியைக் கேட்டுச் சிரித்தபடி தலையாட்டுகிற அமைதி. அரண்மனையில் புதைத்திருந்த எலும்புகளை 1992இல் எடுத்து, 2000 நவம்பரில் அடிஸ் அபாபா தேவாலயத்தில் முறைப்படி அடக்கம் செய்தபோதும் ராஸ்தாக்களில் பலர் அதை ஏற்கவில்லை, பெரும்பாலோர் போகவில்லை. ரீட்டா மார்லி போனார்.

துபாயில் வேலை பார்த்தபோது என் அறையில் ஒரு எத்தியோப்பியர் இருந்தார். புதன், வெள்ளி இறைச்சி, பால் எதுவும் தொடமாட்டார். நான் ஹெட்போனில் என்ன கேட்கிறேன் என்று ஒருநாள் வாங்கிக் கேட்டார். பாட்டு பிடித்தது. ராஜாவைப் பற்றி என்றதும் முகம் மாறியது. அவருடைய அப்பாவின் ஊர் வோலோ. 1973 பஞ்சத்தில் அங்கே ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள், தலைநகரம் மூடி மறைத்தது. "நல்லதும் செய்தார், ஆனால் எங்களுக்கு அவர் ராஜா. ராஜா தப்புச் செய்வார்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாவு பிசையப் போய்விட்டார். அன்றிலிருந்து செலாசி பெயர் வருகிற பாட்டு எதைக் கேட்டாலும் அந்த வோலோவும் கூடவே கேட்கிறது. அதற்காகப் பாட்டை விட்டுவிடவில்லை. ஜமைக்காவின் ஏழைக்கு அந்த முகம் கொடுத்த நிமிர்வும் உண்மை, வோலோவின் பட்டினியும் உண்மை. இரண்டையும் சமன் செய்கிற தராசு என்னிடம் இல்லை, வேண்டியதும் இல்லை.

இதே வரிசையில் இன்னொன்று: 90களின் டான்ஸ்ஹாலில் வேத வசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரினச்சேர்க்கையாளர்களைக் கொல்லச் சொல்லிப் பாடினார்கள். கட்டுண்டவனின் வேதம் இன்னொருவனை அடிக்கிற தடியானது. நம்பிக்கை பாட்டுக்கு ஆழம் தருகிறது என்று மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் நான் எழுதியது விளம்பரம் ஆகிவிடும்.

மே 11

மார்லி இறந்த நாள், 1981, மயாமியில். வயது 36.

காலில் பெருவிரலில் புற்று என்று 1977இல் தெரிந்தது. விரலை எடுக்கச் சொன்னார்கள், அவர் சம்மதிக்கவில்லை. உடல் முழுசாக இருக்க வேண்டும் என்ற ராஸ்தா நம்பிக்கைதான் காரணம் என்று பலரும், பந்தாட்டமும் மேடை ஆட்டமும் காரணம் என்று சிலரும் சொல்வார்கள். சாவதற்கு ஆறு மாதம் முன்னால், 1980 நவம்பர் 4இல், எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். கொடுத்தவர் நான் மேலே சொன்ன, செலாசி அனுப்பிய அதே குரு, அபுனா யெசெஹாக். வைத்த பெயர் பெர்ஹானே செலாசி. அப்படியானால் ராஸ்தாவை விட்டுவிட்டாரா என்று இன்றும் சண்டை நடக்கிறது. கிறிஸ்தவர்கள் அவர் எங்களிடம் வந்துவிட்டார் என்கிறார்கள், ராஸ்தாக்கள் அவர் ராஜாவின் சபையில்தான் சேர்ந்தார், வேறெங்கும் போகவில்லை என்கிறார்கள். மே 21 கிங்ஸ்டனில் இறுதிச் சடங்கு ஆர்த்தடாக்ஸ் முறைப்படி நடந்தது. சாம்பிராணி, குருமார், பன்னிரு கோத்திரத்தார், பிரதமர், எல்லோரும் இருந்தார்கள். பெட்டிக்குள் வேதாகமமும் கிட்டாரும் வைத்து, பிறந்த ஊரான நைன் மைலில் அடக்கம் செய்தார்கள்.

எந்தப் பக்கம் சொல்வது சரி என்று நீ கேட்பாய். படுக்கையில் கிடந்த ஒரு மனிதன் எந்த வாசலைத் தட்டினான் என்பதை வைத்துக் கட்சி கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன்: 'வார்' பாட்டின் வரிகள் செலாசி 1963இல் ஐக்கிய நாடுகள் சபையில் பேசிய உரை. ஒரு தோல் நிறம் உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்ற தத்துவம் ஒழிகிறவரை யுத்தம்தான் என்கிறார். அதில் கடவுள் என்ற பேச்சே இல்லாமல் ஓடுகிறது முக்கால்வாசி. இனவாதத்துக்கு எதிரான ஒரு அரசியல் உரையைப் பல்லவி சரணம் இல்லாமல் அப்படியே மந்திரம்போல ஓதினார் மார்லி, 1976இல். நம்பிக்கை இல்லாதவன் அந்த உரையை மேற்கோள் காட்டியிருப்பான், பாடியிருக்க மாட்டான்.

மே 14

"சரி அண்ணே, ஜாவோடேயே கேட்கிறேன், எதில் தொடங்குவது?" என்று எழுதியிருக்கிறாய். நம்பச் சொல்லவில்லை தம்பி, யாரை விளித்துப் பாடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேள், அவ்வளவுதான்.

மிஸ்டிக் ரெவலேஷன் ஆஃப் ராஸ்தஃபாரியின் 'கிரவுனேஷன்', 1973, மூன்று தட்டு. கவுண்ட் ஓசியின் மேளக்காரர்களும் செட்ரிக் புரூக்ஸின் சாக்ஸஃபோன் கூட்டமும். 'ஓ கரோலினா'வை அதில் மறுபடி வாசித்திருக்கிறார்கள், பழைய காதல் பாட்டு அங்கே என்னவாகியிருக்கிறது என்று பார். கடைசித் தட்டின் இரண்டு பக்கமும் ஒரே ஓட்டம், பொறுமையாக உட்கார வேண்டும். அதற்குப் பிறகு பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி', 1975. பாடகர் வின்ஸ்டன் ராட்னியும் கார்வி பிறந்த அதே செயின்ட் ஆன்ஸ் பே ஊர்க்காரர். அப்புறம் மெலோடியன்ஸ். மார்லிக்குக் கடைசியில் வா. எதையும் போன் ஸ்பீக்கரில் போடாதே, பேஸ் மேளம் அதில் வரவே வராது. நல்ல ஹெட்போன் இல்லாவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஒத்திகை அறைக்கு வா, அங்கே பெரிய பெட்டி இருக்கிறது.